காருக்குள் பிறந்த ஃபோன்

போன தை மாதம் ஒரு உறவுக்காரக் கல்யாணத்துக்குச் சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்குக் காரில் போனோம். நான் ஓட்டினேன். பக்கத்தில் அப்பா. பின்னால் மனைவியும் மகளும். திண்டிவனம் தாண்டும்போது நன்றாக இருட்டிவிட்டது. டேஷ்போர்டில் அந்தப் பெரிய திரை சும்மா எரிந்துகொண்டிருந்தது. அதில் மேப் வந்திருக்க வேண்டும். கேபிளைச் செருகினால் ‘இந்தச் சாதனத்துக்கு ஆதரவு இல்லை’ என்று ஒரு வரி வரும். அப்புறம் பழையபடி ரேடியோ.

காரணம் நான்தான். இரண்டு வாரம் முன்பு என் ஃபோனை மொத்தமாகத் துடைத்துவிட்டு, ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலிலிருந்து வேறு சிலர் கட்டிய ஓர் இயங்குதளத்தைப் போட்டிருந்தேன். நான் பதினோரு வருடமாக மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவன். ஒரு செயலி எவ்வளவு தகவலை, எதற்கென்றே தெரியாமல், ‘பின்னால் உதவும்’ என்று சேர்த்துவைக்கும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன். சேர்க்கிற நிரலை நானே எழுதியும் இருக்கிறேன். ஃபோனைத் துடைத்ததில் அந்த உறுத்தலுக்கும் பங்கு உண்டு.

பின் சீட்டிலிருந்து மனைவி என் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு வழி சொல்லிக்கொண்டே வந்தாள். செஞ்சிக்கு முன்னால் ஒரு திருப்பத்தை விட்டுவிட்டோம். கால் மணி நேரம் வீண்.

“எல்லாருக்கும் வர்ற மேப்பு நமக்கு மட்டும் ஏங்க வரமாட்டேங்குது?”

“ஃபோன்ல கம்பெனி சாஃப்ட்வேரை எடுத்துட்டேன்ல, அதான்.”

“யாருக்குத் தெரியக்கூடாதுன்னு இவ்ளோ பாடு? நாம கல்யாணத்துக்குத்தானே போறோம்?”

என்னிடம் சட்டென்று பதில் இல்லை. அப்பா சிரித்தார். அவர் ஒரு சின்ன ஊர் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ட்ரங்க் கால் போர்டில் இருந்திருக்கிறார். “எங்களுக்கெல்லாம் ஊர்ல யார் யாருக்குப் பேசறாங்கன்னு தெரியும்” என்றார்.

“கேப்பீங்களாப்பா?”

“லைன் விழுந்துடுச்சான்னு பாக்கக் காதுல வச்சுத்தானே ஆகணும். நாலு வார்த்தை விழத்தான் செய்யும். ஆனா எழுதி வச்சுக்கலை. அதுக்கு எங்க நேரம்?”

மனைவியின் கேள்வியும் அப்பாவின் பதிலும் பல வாரம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. காரும் ஃபோனும் எப்படி இவ்வளவு இறுக்கமாக முடிச்சுப்போட்டுக்கொண்டன, நடுவில் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று தேடிப் படித்தேன். இந்தக் கட்டுரை அதன் விளைவு.

முப்பத்தாறு கிலோ ஃபோன்

கையில் வைத்திருந்த ஃபோன் பிற்பாடு காருக்குள் வந்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடந்தது தலைகீழ். நடமாடும் தொலைபேசி பொதுமக்களுக்கு வந்ததே காரில்தான். 1946 ஜூன் 17 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பெல் நிறுவனம் மொபைல் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. கருவியின் எடை சுமார் 80 பவுண்டு, நம் கணக்கில் 36 கிலோ. டிக்கியில் வைத்து கார் பேட்டரியில் ஓட்ட வேண்டும். மாதம் 15 டாலர் கட்டணம், அழைப்புக்குத் தனிக் காசு. பொத்தானை அழுத்திக்கொண்டு பேச வேண்டும், விட்டால்தான் கேட்க முடியும். ஊர் முழுக்க இருந்ததே சில அலைவரிசைகள்தான் என்பதால் ஒரே நேரத்தில் ஒரு சிலர்தான் பேசலாம். ஒவ்வொரு அழைப்பையும் ஆபரேட்டர்தான் இணைத்தார்.

காரில் பேசியவருக்கு ரகசியம் என்று ஒன்று அன்றைக்கும் இல்லை. ஆபரேட்டர் காதில் விழும். அதே அலைவரிசையைத் திருப்புகிற எவர் காதிலும் விழும். எல்லோருக்கும் இது தெரிந்திருந்ததால் அதற்கேற்றபடி பேசினார்கள். பேசி முடித்ததும் பேச்சு காற்றோடு போயிற்று. அப்பா சொன்னது போல, எழுதிவைக்க ஆள் இல்லை.

ஃபோனைக் காரிலிருந்து இறக்கியது மோட்டரோலா. அதுவும் கார் சாமான் செய்துவந்த கம்பெனிதான். கால்வின் சகோதரர்கள் 1930ல் விற்ற கார் ரேடியோவுக்கு வைத்த பெயர் மோட்டரோலா. காரைக் குறிக்கும் ‘மோட்டார்’ அதற்குள்ளேயே இருக்கிறது. 1947ல் கம்பெனிக்கே அந்தப் பெயரைச் சூட்டினார்கள். 1973 ஏப்ரல் 3 அன்று அங்கே பொறியாளராக இருந்த மார்ட்டின் கூப்பர், நியூயார்க் ஆறாவது அவென்யூவில் நின்றுகொண்டு, ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான எடையுள்ள கருவியிலிருந்து பெல் ஆய்வகத்தின் ஜோயல் எங்கலைக் கூப்பிட்டார். போட்டிக் கம்பெனிக்காரரையே முதல் அழைப்பில் சீண்டிய கதை எல்லோரும் சொல்வது. அதைவிட முக்கியம், அவர்களுக்குள் இருந்த கொள்கைச் சண்டை. செல்லுலார் என்றால் முதன்மையாகக் கார் ஃபோன்தான் என்பது பெல்லின் கணக்கு. மனிதர்கள் ஊர்கிறவர்கள், அவர்களைக் காரோடு சேர்த்துக் கட்டக்கூடாது என்பது கூப்பரின் வாதம்.

கூப்பர் ஜெயித்தார். ஆனால் நாற்பது வருடம் கழித்து ஃபோன் மறுபடி காருக்குள் போய்க் கட்டுப்பட்டது.

மீட்பு மைக்கும் ஒரு தீர்ப்பும்

நடுவில் இன்னொரு கிளை. 1996ல் ஜெனரல் மோட்டார்ஸ் ‘ஆன்ஸ்டார்’ என்ற சேவையைக் கொண்டுவந்தது. காரிலேயே ஒரு செல் இணைப்பு, ஜிபிஎஸ், மைக். விபத்து நடந்து ஏர்பேக் வெடித்தால் கார் தானாகவே உதவி மையத்தைக் கூப்பிடும். உயிர் காக்கிற விஷயம், சந்தேகமில்லை. மற்ற கம்பெனிகளும் இதைப்போலச் செய்யத் தொடங்கின.

மைக் இருக்கிற இடத்தில் கேட்க ஆசைப்படுகிறவர்களும் வருவார்கள். அமெரிக்காவில் எஃப்பிஐ ஒரு விசாரணைக்காக இப்படியொரு சேவையின் மைக்கைத் திறந்து காருக்குள் நடந்த பேச்சை ஒட்டுக்கேட்க நீதிமன்ற ஆணை வாங்கியது. திருட்டுப்போன காரை மீட்க வைத்திருந்த வசதியைத்தான் இதற்குப் பயன்படுத்தினார்கள். கம்பெனி முதலில் ஒத்துழைத்தது, பிறகு எதிர்த்து மேல்முறையீடு செய்தது. 2003 நவம்பரில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கம்பெனி பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பில் கம்பெனியின் பெயர் இல்லை. ‘தி கம்பெனி’ என்றே வழக்குக்குப் பெயர்.

இந்தத் தீர்ப்பைக் கொண்டாடும் முன் அதன் காரணத்தைப் பார்க்க வேண்டும். ஒட்டுக்கேட்பதே தவறு என்று நீதிபதிகள் சொல்லவில்லை. மைக் ஒட்டுக்கேட்புக்குப் போய்விட்டால் அந்த நேரத்தில் வாடிக்கையாளருக்கு அவசர உதவி வேலை செய்யாது, அப்படிச் சேவையை முடக்கச் சொல்லச் சட்டத்தில் இடமில்லை என்றார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிற தொழில்நுட்பம் இருந்திருந்தால்? அந்தக் கேள்வி அப்படியே தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஒரு துளை போதும் என்றிருந்த காலம்

ஃபோன் காருக்குத் திரும்பிய கதைக்கு வருவோம். 2000களில் கார் ஸ்டீரியோவில் ‘ஆக்ஸ்’ என்று ஒரு சின்னத் துளை வந்தது நினைவிருக்கும். 3.5 மில்லிமீட்டர் பின். வாக்மேன் முதல் ஐபாட் வரை எதையும் செருகலாம். அந்தப் பின்னின் மூதாதை 19ஆம் நூற்றாண்டுத் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் போர்டில் செருகிய பின்தான் என்று படித்தபோது அப்பாவிடம் காட்டினேன். அவர் செருகியது அதன் பெரிய அண்ணன், கால் அங்குலம். “அட, நம்ம பிளக்கு” என்றார்.

அந்தத் துளைக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். எந்தக் கம்பெனி ஃபோன், எந்த மென்பொருள், எந்த வருடத்து மாடல் என்று கார் கேட்காது. பின்னர் வந்த ப்ளூடூத்தும் கிட்டத்தட்ட அப்படித்தான். தரநிலை பொதுவில் இருக்கிறது. அதன்படி நடக்கிற எந்த ஃபோனும் பாட்டை அனுப்பலாம், அழைப்பை எடுக்கலாம்.

மேப் வந்தபிறகு ஒலி மட்டும் போதவில்லை, படமும் வேண்டியிருந்தது. கார் கம்பெனிகள் தாங்களே செய்த திரைகள் பெரும்பாலும் சகிக்க முடியாதவை. 2001ல் பிஎம்டபிள்யூ கொண்டுவந்த ஐடிரைவ், ஒரே குமிழைத் திருகிப் பட்டியல் பட்டியலாகத் தேட வைத்து நிறையத் திட்டு வாங்கியது. ஒரு கார் வடிவமைப்பு மேசையிலிருந்து சாலைக்கு வரப் பல வருடம் ஆகும். ஃபோன் ஆறு மாதத்தில் பழசாகிவிடும். எனவே காரில் வெறும் திரை மட்டும் இருக்கட்டும், மூளை ஃபோனாக இருக்கட்டும் என்ற யோசனை இயல்பாகவே பிறந்தது.

அதை முதலில் உருப்படியாகச் செய்யப் பார்த்தது நோக்கியா. அங்கே முளைத்த திட்டம்தான் ‘மிரர்லிங்க்’ ஆயிற்று. 2011ல் கார் கம்பெனிகளும் ஃபோன் கம்பெனிகளும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உண்டாக்கின. எந்தக் காரும் எந்த ஃபோனும் என்பது நோக்கம். ஆனால் நோக்கியா அதற்குள் சரிந்துகொண்டிருந்தது. 2014 ஏப்ரலில் அதன் கைபேசித் தொழிலே மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியது. 2020ல் சாம்சங்கும் மிரர்லிங்கைக் கைகழுவியது.

அந்த இடைவெளியில் இரண்டு பெரியவர்கள் உள்ளே வந்தார்கள். 2014 ஜனவரியில் கூகுள், ஆடி, ஜிஎம், ஹோண்டா, ஹூண்டாய், என்விடியா சேர்ந்து ஒரு கூட்டணியை அறிவித்தன. மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சியில் ஆப்பிளின் கார்ப்ளே. ஜூனில் கூகுளின் ஆண்ட்ராய்ட் ஆட்டோ அறிவிப்பு; அடுத்த வருடம் அது ஹூண்டாய் சொனாட்டாவில் ஏறியது. நன்றாக வேலை செய்தன என்பதை மறுக்கக்கூடாது. ஓட்டும்போது கவனம் சிதறாத பெரிய எழுத்து, குரலில் பதில், நாளைக்கு மாறும் சாலை இன்றைக்கே மேப்பில். ஜனங்கள் விரும்பி எடுத்துக்கொண்டார்கள். நானும்தான்.

தயங்கியவர்களும் இருந்தார்கள். 2015ல் போர்ஷே தன் புதிய 911ல் கார்ப்ளேயை மட்டும் வைத்தது. வேகம், எஞ்சின் சூடு போன்ற தகவல்களை கூகுள் கேட்டதுதான் காரணம் என்று ‘மோட்டார் ட்ரெண்ட்’ இதழ் எழுதியது. அப்படியெல்லாம் எடுப்பதில்லை என்று கூகுள் மறுத்தது. டொயோட்டா பாதுகாப்பையும் தனியுரிமையையும் காட்டிப் பல வருடம் இழுத்தடித்து, வாடிக்கையாளர் நச்சரிப்புக்கு இணங்கி 2018ல் ஒத்துக்கொண்டது.

கட்டற்ற ஃபோனைத் தேடியவர்கள்

இதே காலத்தில், வேறொரு கூட்டம் வேறொரு வேலையில் இருந்தது. யாருக்கும் தகவல் சொல்லாத, சொந்தக்காரர் சொன்னபடி கேட்கிற ஒரு ஃபோனைச் செய்வது. 2007ல் ஓப்பன்மோக்கோ என்ற குழு லினக்ஸில் ஓடுகிற ஒரு ஃபோனை வெளியிட்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘நியோ 1973’. கூப்பர் தெருவில் நின்று பேசிய வருடம். ஃபோன் அவ்வளவு நன்றாக ஓடவில்லை, ஆனால் பெயரில் எண்ணம் தெளிவாக இருந்தது.

அதே 2007 நவம்பரில் கூகுள் ஆண்ட்ராய்டை அறிவித்தது. மூலநிரல் திறந்தது. எவரும் எடுத்து மாற்றலாம். 2009ல் ஸ்டீவ் கொண்டிக் என்ற பொறியாளரின் ‘சயனோஜென்மாட்’ பிரபலமாகத் தொடங்கியதும் கூகுளிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஆண்ட்ராய்ட் திறந்தது, சரி. ஆனால் ஜிமெயில், மேப்ஸ், செயலிக் கடை எல்லாம் எங்கள் சொத்து, அதைச் சேர்த்து விநியோகிக்கக்கூடாது. திறந்த பாகம் எது, பூட்டிய பாகம் எது என்ற எல்லைக்கோடு அன்றைக்குத்தான் பலருக்கும் கண்ணில் பட்டது. பின்வந்த வருடங்களில் அந்தக் கோடு நகர்ந்துகொண்டே போனது, பெரும்பாலும் ஒரே திசையில்.

சயனோஜென் கம்பெனியாகி, இந்தியாவில் மைக்ரோமேக்ஸின் யு யுரேகா ஃபோனில்கூட வந்து, 2016 கடைசியில் மூடப்பட்டது. அதன் நிரலை எடுத்துத் தன்னார்வலர்கள் ‘லினியேஜ்ஓஎஸ்’ என்று தொடர்ந்தார்கள். மாண்ட்ரேக் லினக்ஸைத் தொடங்கிய கேயல் டுவல், கூகுள் நீக்கிய ஆண்ட்ராய்டாக ‘/இ/’ என்ற திட்டத்தை ஆரம்பித்தார். பியூரிசம் நிறுவனத்தின் லிப்ரெம் 5 மைக், கேமரா, மோடம் எல்லாவற்றையும் மின்சாரத்தோடு துண்டிக்கிற சுவிட்சுகளை ஃபோனின் பக்கவாட்டில் வைத்தது. பைன்ஃபோன் அதையே பின்மூடிக்கு அடியில் குட்டிக் குட்டி சுவிட்சுகளாக வைத்தது. பாதுகாப்பில் எல்லோரையும்விடக் கறாரான ‘கிராஃபீன்ஓஎஸ்’ 2019ல் அந்தப் பெயருக்கு வந்தது. அதன் முன்னோடித் திட்டம் கூட்டாளிகள் சண்டையில் உடைந்தது. அதை உருவாக்கிய டேனியல் மிகே, கையெழுத்துச் சாவிகள் தப்பான கைக்குப் போகக்கூடாது என்று தானே அழித்துவிட்டு வெளியேறியவர். இத்தனை கறாரான இயங்குதளம் பல வருடம் கூகுளின் பிக்சல் ஃபோனில் மட்டுமே ஓடியது. வன்பொருள் பாதுகாப்பு அதில்தான் போதுமான அளவு இருக்கிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். கூகுளிடமிருந்து தப்பிக்க கூகுளிடமே ஃபோன் வாங்கு என்று நண்பர்கள் கிண்டலடிப்பார்கள். கிண்டல் நியாயம்தான். காரணமும் நியாயம்தான்.

கேபிளுக்கு நடுவில் ஒரு வாசல்

இந்த இரண்டு கதைகளும் மோதுகிற இடம் என் கார் கேபிள்.

வெளியிலிருந்து பார்த்தால் ஆண்ட்ராய்ட் ஆட்டோ செய்கிற வேலை எளிமையானது. ஃபோன் ஒரு படத்தை வரைந்து வீடியோவாகக் கேபிளில் அனுப்புகிறது. காரின் திரை அதைக் காட்டி, நாம் தொட்ட இடத்தைத் திருப்பி அனுப்புகிறது. கூடவே காரின் ஜிபிஎஸ், வேகம் போன்ற சில அளவுகள். தத்துவத்தில் ஆக்ஸ் துளைக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

வித்தியாசம் வாசலில் இருக்கிறது. இரு பக்கமும் டிஜிட்டல் சான்றிதழைக் காட்டி ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. அதோடு ஃபோன் பக்கத்துச் செயலிக்கு, சாதாரணச் செயலிகளுக்குக் கிடைக்காத சிறப்பு அனுமதிகள் வேண்டும். ஆண்ட்ராய்டில் அந்த அனுமதிகள் ஃபோன் தொழிற்சாலையிலேயே உள்ளே வைக்கப்பட்ட செயலிக்குத்தான் கிடைக்கும். தொழிற்சாலையில் வைக்க கூகுளோடு ஒப்பந்தம் வேண்டும். 2019ல் வந்த ஆண்ட்ராய்ட் 10 முதல் அது பெரும்பாலான ஃபோன்களில் ஒட்டிப்பிறந்த உறுப்பாகிவிட்டது. நாமே திறந்த நிரலிலிருந்து கட்டிய இயங்குதளத்தில் அதே செயலியை இறக்கிப் போட்டாலும் கைகால் கட்டியபடிதான் நிற்கும். கார்ப்ளே பக்கம் பேச்சே வேண்டாம், ஐஃபோன் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

வேடிக்கை என்னவென்றால் கார் பக்கத்தை ஆர்வலர்கள் எப்போதோ திறந்துவிட்டார்கள். ‘ஓப்பன்ஆட்டோ’ என்ற கட்டற்ற நிரலை ஒரு ராஸ்பெர்ரி பையில் போட்டு, பழைய காரிலும் ஆண்ட்ராய்ட் ஆட்டோ திரையைச் செய்துகொள்ளலாம். ஃபோன் பக்கம்தான் பிடிவாதம்.

இந்த வாசலில் யாரை விடுவது என்ற வழக்கு ஐரோப்பாவின் உச்சபட்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. இத்தாலியில் எனல் எக்ஸ் என்ற நிறுவனம் ‘ஜூஸ்பாஸ்’ என்று மின்கார் சார்ஜிங் நிலையங்களைத் தேடும் செயலியைச் செய்தது. அதை ஆண்ட்ராய்ட் ஆட்டோவில் காட்ட 2018ல் அனுமதி கேட்டார்கள். கூகுள் மறுத்தது. 2021ல் இத்தாலியின் போட்டி ஆணையம் 10 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது. 2025 பிப்ரவரி 25 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், மற்றவர்களும் பயன்படுத்தவென்று கட்டிய ஒரு தளத்தில் ஒருவரைச் சேர்க்க மறுப்பது ஆதிக்க நிலையின் துஷ்பிரயோகமாக முடியும் என்று சொன்னது. நம் நாட்டிலும் 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், ஆண்ட்ராய்ட் ஒப்பந்தங்களில் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மாற்று ஆண்ட்ராய்டைச் செய்ய விடாமல் ஃபோன் கம்பெனிகளைக் கட்டிப்போடும் ஒப்பந்தங்களும் அந்த விசாரணையில் இருந்தன. அடுத்த ஆண்டு தீர்ப்பாயம் சில உத்தரவுகளை நீக்கினாலும் அபராதத்தை உறுதிசெய்தது.

இந்த வழக்குகளில் வாதாடியவை கம்பெனிகளும் ஆணையங்களும். தன் ஃபோனில் தனக்குப் பிடித்த இயங்குதளத்தைப் போட்டுக்கொண்ட ஒரு தனியாளின் ஃபோனைக் காரில் சேர்க்க வேண்டுமா என்ற கேள்வியை அவை தொடவில்லை.

அந்த வேலையைச் செய்தது நீதிமன்றம் இல்லை, நிரலாளர்கள். 2023 கடைசி, 2024 தொடக்க வாக்கில் கிராஃபீன்ஓஎஸ் ஆண்ட்ராய்ட் ஆட்டோவை அனுமதித்தது. அதைச் செய்த விதம்தான் எனக்குப் பிடித்தது. செயலிக்கு ஆரம்பத்தில் எந்தச் சிறப்பு அனுமதியும் இல்லை. அமைப்பில் நான்கு சுவிட்சுகள் இருக்கின்றன: கேபிள் இணைப்பு, கம்பியில்லா இணைப்பு, ஒலி, அழைப்பு. எது வேண்டுமோ அதை நாமே போடலாம். கம்பியில்லா இணைப்பைப் போட்டால் வைஃபை, ப்ளூடூத் கட்டுப்பாடும் ஃபோனின் அடையாள எண்களும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும், கேபிளுக்கு அவ்வளவு வேண்டாம் என்பதையும் விளக்கியிருக்கிறார்கள். ‘ஒத்துக்கொள், இல்லையேல் போ’ என்ற ஒற்றைப் பொத்தானை நான்காக உடைத்துப் போட்டார்கள். இதை வேறு யாரும் செய்ய முடியாதா என்றால், முடியும். செய்யவில்லை, அவ்வளவுதான்.

கார் எழுதிய நோட்டு

இத்தனையும் படித்தபிறகு, ஃபோனைச் சரிசெய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். தீரவில்லை. காருக்கே இப்போது சிம் இருக்கிறது.

2023 மார்ச்சில் ஜெனரல் மோட்டார்ஸ், வரப்போகும் மின்கார்களில் கார்ப்ளே, ஆண்ட்ராய்ட் ஆட்டோ இரண்டையும் எடுத்துவிடுவதாக அறிவித்தது. நடுவில் இருந்த ஃபோன்காரர் போனால் நல்லதுதானே என்று தோன்றும். அதே ஆண்டு செப்டம்பரில் மொசில்லா அறக்கட்டளை 25 கார் பிராண்டுகளின் தனியுரிமைக் கொள்கைகளைப் படித்துப் பார்த்து, ஒன்றுகூடத் தேறவில்லை என்றது. 84 சதவீதம் பேர் தகவலைப் பகிர்கிறோம் அல்லது விற்கிறோம் என்று அவர்களே எழுதிவைத்திருந்தார்கள்.

2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ஷெவர்லே போல்ட் ஓட்டுகிற ஒருவரின் இன்ஷூரன்ஸ் கட்டணம் திடீரென 21 சதவீதம் ஏறியது. விபத்து எதுவும் இல்லை. விசாரித்து, லெக்ஸிஸ்நெக்ஸிஸ் என்ற தகவல் வியாபார நிறுவனத்திடம் தன்னைப் பற்றிய கோப்பைக் கேட்டு வாங்கினார். 258 பக்கம். அவரும் அவர் மனைவியும் ஆறு மாதத்தில் போன 640 பயணங்கள், கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், எங்கே வேகம், எங்கே திடீர் பிரேக். கொடுத்தது கார் கம்பெனி, ஜெனரல் மோட்டார்ஸ். 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தபோது, இருப்பிடத் தகவல் சில நேரம் மூன்று விநாடிக்கு ஒருமுறை எடுக்கப்பட்டதாகச் சொன்னது. இந்தத் தகவலை இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு ஐந்து வருடம் கொடுக்கக்கூடாது என்பது ஆணையம் வைத்த நிபந்தனைகளில் ஒன்று.

மனைவி கேட்ட கேள்விக்கு எனக்கு இங்கேதான் பதில் கிடைத்தது. நாம் கல்யாணத்துக்குத்தான் போனோம். ஆனால் இப்படியொரு நோட்டு நம் பயணத்துக்கும் இருந்தால் அதில் கல்யாணம் என்று இருக்காது. இரவுப் பயணம், செஞ்சிக்கு முன்னால் திடீர் பிரேக், திரும்பி வந்த வழி என்று இருக்கும். பின் சீட்டில் குழந்தை தூங்கியது, மாடு குறுக்கே வந்தது, அப்பா “மெதுவாப் போடா” என்றது எதுவும் இருக்காது. அந்தப் பாதி நோட்டைப் படித்து, நம்மை முன்பின் பார்த்திராத ஒருவர் நமக்கு ஒரு விலை போடுவார். எக்ஸ்சேஞ்சில் அப்பா காதில் விழுந்தபோது அவருக்கு ஊர் தெரியும், ஆள் தெரியும், கல்யாணமா சாவா என்பதும் தெரியும். எழுதிவைக்கவும் இல்லை.

இதை மனைவியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். “சரி, ஆனா நீங்க கண்டுபிடிச்சதுக்கு நான் ராத்திரியில கைகாட்டி மரமா உக்காந்திருக்க முடியாது” என்றாள். அதுவும் சரிதான். கொள்கை என்னுடையது, சிரமத்தைப் பாதி அவள் பட்டாள். இந்தப் பாதையில் போகிற பலரும் இதைப்பற்றி எழுதுவதில்லை.

இப்போது எங்கள் ஏற்பாடு இதுதான். ஊருக்குள் ஓட்டும்போது என் ஃபோன், ஏசி துவாரத்தில் மாட்டிய இருநூற்றைம்பது ரூபாய் ஸ்டாண்டில் இருக்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை முன்கூட்டியே இறக்கிவைத்திருப்பதால் இணையம் வேண்டாம். நெரிசல் எங்கே என்று அதற்குத் தெரியாது. மாட்டிக்கொள்வேன். பாட்டு ப்ளூடூத்தில். வெளியூர் என்றால் மனைவியின் ஃபோனைச் செருகிவிடுகிறோம். பெரிய திரையில் மேப் அழகாக வருகிறது. அந்த நேரம் என் ஃபோனின் சுத்தத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை, ஒரே காரில்தானே எல்லோரும் இருக்கிறோம்.

போன மாதம் சர்வீஸுக்கு விட்டபோது, காரில் இருக்கிற சிம்மை அணைத்துவைக்க முடியுமா என்று கேட்டேன். சர்வீஸ் அட்வைசர் பொறுமையான இளைஞர். உள்ளே போய் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்தார்.

“முடியாது சார். அதை எடுத்தா எமர்ஜென்சி பட்டன் வேலை செய்யாது.”

2003ல் அந்த நீதிமன்றம் நின்ற அதே இடம். உயிர் காக்கிற கம்பியும் ஒட்டுக்கேட்கிற கம்பியும் அன்றைக்கும் ஒன்றாகத்தான் இருந்தது, இன்றைக்கும் பிரிக்கவில்லை. இந்தக் கம்பிக்கும் நான்கு சுவிட்சுகள் போட முடியாதா என்று கேட்க நினைத்தேன். அவரிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது. பில்லைக் கட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன்.